சங்குப்பூவில் இரண்டு வண்டுகள்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல, மெயிலில் வந்தது. முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனிக்கு ஆங்கில வாசகம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. குழந்தைகள் சட்டையில் தொங்கவிடும் அட்டைக்கு, கம்பெனித் தோட்டத்துப் பூவில் பம்பிள் வண்டு தேன் குடிக்கும் படம் வேண்டும், மிகக் கிட்டத்தில் எடுத்தது, என்று சட்டை வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்டிருந்தார். முதலாளி தங்கதுரை "பண்ணிரலாங்க" என்று உடனே பதில் போடச் சொன்னார். அதற்குப் பிறகுதான் என்னிடம், "பம்பிள்னா என்னங்க?" என்றார். எங்கள் ஊர் வழக்கம் இது. முதலில் சம்மதம், அப்புறம் விசாரணை.

2

காலைக் கதிர் மொட்டுகளை முத்தமிட...

(அடித்துவிட்டேன். முதலிபாளையத்தில் கதிர் முத்தமிடாது, மண்டையைப் பிளக்கும்.)

நேராகவே சொல்கிறேன். முதலாளியின் மகள் அனுப்பிரியாவுக்குப் பூச்சிகளைப் படமெடுக்கும் பைத்தியம். வேலியோரச் சங்குப்பூவின் முன்னால் மண்ணில் குப்புறப் படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கருவண்டை எடுத்தாள். காலில் ஒட்டியிருந்த மகரந்தம்கூடப் பொடிப்பொடியாகத் தெரிந்தது.

அப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தார்: "பையர் ஓகே சொன்னா நீ சென்னைக்குப் போயி போட்டோவே படி கண்ணு. இல்லீன்னா திங்கக்கெழம, ஆர்டரப் பாத்துக்கற மெர்ச்சண்டைசர் சீட்டுல உக்காந்துக்கோணும்."

3

படத்தை அனுப்பினோம். பையரிடமிருந்து பதில் வந்தது. 'வண்டு சாம்பிள்படி இல்லை. மஞ்சள் பட்டை காணோம். ரோமமும் போதாது.'

"ஏனுங்கப்பா, அது குளிர் தேசத்து வண்டுங்க. நம்மூர்ல இல்லீங்க."

"இல்லைங்கற பேச்சே நம்மகிட்ட கெடையாது சாமி. ஷேடு மேட்ச் பண்ணிக்கலாம்."

எம்பிராய்டரி வேல்குமாரைக் கூப்பிட்டார்கள். ஜன்னலோரம் செத்துக் கிடந்த ஒரு கருவண்டைக் கையில் வாங்கி, நூல் நிறங்கள் ஒட்டிய ஷேடு கார்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "லெமனுங்களா, மேங்கோவுங்களா?" என்று கேட்டார். செத்த வண்டின்மேல் மேங்கோ மஞ்சள் நூல் சுற்றப்பட்டது. [நம்பவில்லையா? இந்த ஊரில் அரை நாள் இருந்து பாருங்கள்.]

இந்த இடத்தில் அனுப்பிரியா கண்ணீர் விட்டாள் என்று எழுதியிருந்தேன். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். அவள் அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு லென்ஸை மாட்டினாள். அவள்மேல் நானும் கொஞ்சம் நூல் சுற்றத்தான் பார்த்தேன்.

4

நூல் வண்டைப் பூவில் பசை வைத்து ஒட்டியாயிற்று. அவள் கேமராவோடு குனிந்த நேரத்தில், உயிருள்ள கருவண்டு ஒன்று ர்ர்ரென்று வந்து அதே பூவில் இறங்கியது. மேங்கோவை ஒரு முட்டு முட்டிப் பார்த்தது. பிறகு அதன் பாட்டுக்குத் தேன் குடிக்க ஆரம்பித்தது. அவள் பட்டனை அமுக்கிவிட்டாள். ஐயோ, என்ன படம் அது! இடப்பக்கம் பொய், வலப்பக்கம் உயிர், இரண்டும் துல்லியம்.

முடிவு ஒன்று: உயிருள்ளதை வெட்டிவிட்டு மஞ்சள் வண்டை அனுப்புகிறாள். பையர் மகிழ்கிறார். அவள் சென்னை போகிறாள், மேங்கோவும் கூடவே போகிறது.

முடிவு இரண்டு: கருவண்டை அனுப்புகிறாள். திங்கட்கிழமை சீட்டில் உட்கார்ந்து, "பண்ணிரலாங்க" என்று தன் முதல் மெயிலை அடிக்கிறாள்.

முடிவு மூன்று: எதையும் வெட்டாமல் முழுப்படத்தையும்... எழுத ஆசைதான். ஆர்டர் போனால் என் வேலையும் போகும். அதனால் அதை எழுதவில்லை.

5

அனுப்பிரியா திரையில் விரலை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"நீங்க சொல்லுங்கண்ணா. எதை வெட்டட்டுங்க?"

"பண்ணிரலாம் கண்ணு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தைரியம் இல்லை. இப்போது திரையை உங்கள் பக்கம் திருப்பியிருக்கிறாள். விரலை இன்னும் எடுக்கவில்லை. நீங்களாவது அவளுக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.