சொன்ன இடத்தில் இல்லாத விமானம்

“முழங்கால் நோகுதெண்டால் பேசாமல் உள்ளுக்கு இரும். நான் ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாறன்” என்றார் என் கணவர் வரதராஜா.

“இண்டைக்கு விட்டிட்டு நாளைக்குப் போவமே?”

“நாளைக்கு மழையாம். ஏன், நீர் ஏறாட்டி விமானம் எழும்பாதோ? பாரம் குறைஞ்சால் இன்னும் சுகமா எழும்பும்.”

சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஒரு நாள்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் பறக்கும் சங்கம் நடத்துகிற இந்தச் சின்ன விமான நிலையம் நாங்கள் குடியிருக்கும் பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து அரை மணி ஓட்டம். ஓர் ஓடுபாதை, ஒரு கொட்டகை, ரேடியோ வைத்திருக்கும் இந்த அறை, அவ்வளவுதான். கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. மேலே இருப்பவர்கள் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று ரேடியோவில் தாங்களே சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதை நம்பித்தான் இறங்க வேண்டும்.

பெப்ரவரியில் ஒரு நாள் அவர் தெற்கே பறந்துகொண்டு வடக்கே என்று சொன்னார். வாய் தவறியது என்று நினைத்தேன். மார்ச்சில் இரண்டு தரம். அதற்குப் பிறகு, அவர் பேச வாயெடுக்குமுன் பக்கத்தில் இருந்து வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுவேன். அதைப் பார்த்துச் சொல்லுவார். ஏன் காட்டுகிறீர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. டாக்டரிடம் போவோமென்றால், “எனக்கென்ன குறை?” என்பார். சங்கத் தலைவி கரோலுக்குத் தெரிந்தால் அன்றோடு பறப்பது முடிந்தது. வேலையை விட்ட பிறகு அவருக்கென்று மிஞ்சியிருந்தது இந்தச் சனிக்கிழமைகள்தான்.

ரேடியோவில் அவர் குரல் கேட்டது. ஓடுபாதைக்கு வடக்கே இருக்கிறேன், இறங்க வருகிறேன் என்றார்.

ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். வடக்கே வானம் வெறுமையாய்க் கிடந்தது. அவர் தெற்கே பறந்துகொண்டிருந்தார். அதே தெற்கிலிருந்து, அவருக்கு மேலே, யாமினியும் தன் விமானத்தை ஓடுபாதைக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள். மருந்துக் கம்பெனியில் வேலை செய்யும் சென்னைப் பெண். தனியாகப் பறக்கத் தொடங்கி மூன்றாவது நாள். வடக்கே பார்த்தேன், யாரையும் காணவில்லை, நான் இறங்குகிறேன் என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்.

மைக்கைப் பாய்ந்து எடுத்தேன். அந்த அவசரத்தில் வாயில் ஆங்கிலம் வரவில்லை.

“யாமினி, இறங்காதை! மேல போ! அங்கிள் சொல்லுற இடத்தில இல்லை, உனக்குக் கீழ நிக்கிறார்!”

அவளுடைய விமானம் மூக்கை நிமிர்த்திக்கொண்டு மேலே போனது. அவர் இறங்கினார். ஒரு சுற்றுச் சுற்றிவந்து அவளும் இறங்கினாள்.

அறைக்குள் முதலில் வந்தது அவள்தான். நான் கொடுத்த தண்ணீரை வாங்கி மேசையில் வைத்தாள்.

“ஆன்ட்டி, அங்கிளுக்கு இது முன்னாடியே இருக்கா?”

நான் கதவைச் சாத்தினேன்.

“கரோல் கொட்டகைல ரேடியோ கேட்டுட்டுதான் இருந்தாங்க. ஆனா தமிழ் புரியாதுல்ல? நான்தான் தப்பா turn பண்ணிட்டேன்னு சொல்லிடறேன். புதுசா கத்துக்கற பொண்ணுதானேன்னு நாலு திட்டு திட்டிட்டு விட்டுடுவாங்க.”

“நீ ஏன் பிள்ளை?”

“போன மாசம் முழுக்க அங்கிள்தானே இந்த ரூம்ல உட்கார வச்சு எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.”

கரோலும் என் கணவரும் சேர்ந்தே உள்ளே வந்தார்கள். அவர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

“என்னப்பா, நான் சொன்ன இடத்தில இல்லையோ? முழங்காலோட உமக்குக் கண்ணும் போச்சுதோ?”

கரோல் சிரிக்கவில்லை. “தேவி, அவளிடம் என்ன சொன்னீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

யாமினி வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். பிறகு, தமிழில் கத்தியதை ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். பெப்ரவரியிலிருந்து நடந்ததையும் சொன்னேன்.

கரோல் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

“நான் வடக்கெண்டெல்லோ சொன்னனான்?” என்றார் அவர்.

“ஓம். நீங்கள் தெற்கில நிண்டனீங்கள்.”

அவர் ஜன்னலுக்குப் போய்த் தெற்கே பார்த்தார்.

“அப்ப இவ்வளவு நாளும் தெரிஞ்சுகொண்டே எனக்குப் பக்கத்தில இருந்து பறந்தனீரோ?”

“ஓம்.”

“பயமில்லையோ?”

“பயம்தான்.”

“உமக்கு என்ர பக்கத்தில சாக விருப்பமெண்டால் அது உம்மட பாடு. இந்தப் பிள்ளை என்ன செய்தவள்?”

பிடித்திருந்த யாமினியின் கையை விட்டேன்.

அவர் யாமினிக்கு முன்னால் போய் நின்றார். அவள் தலையில் கை வைத்துவிட்டு எடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவி வளையத்தை எடுத்து, விமானச் சாவியைக் கழற்றப் பார்த்தார். வளையம் விரியவில்லை. இரண்டு தரம் முயன்றுவிட்டு என்னிடம் நீட்டினார்.

“நீரே கழட்டிக் கரோலிட்டைக் குடும்.”

கழற்றிக் கொடுத்துவிட்டு மீதியை அவரிடம் திருப்பி நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

“கார்ச் சாவியும் அதிலதான் கிடக்கு. நீரே வைச்சிரும்.”