பத்து மணிப் பால்

காலை ஆறு மணிக்கே ஊசிகள் ஓடத் தொடங்கிவிட்டன. ஒரு மேசைக்கு எட்டுப் பெண்கள். குடையின் கம்பிக்கூட்டின் மேல் துணியை விரித்து, எட்டுக் கம்பிகளின் நுனியிலும் நடுவிலும் நூலால் தைத்து இறுக்கி, அடுத்தவள் பக்கம் தள்ள வேண்டும். மூன்றாவது இடத்தில் டான்பிங். கம்பியில் தடவிய எண்ணெயின் கறுப்பு அவள் விரல் இடுக்குகளில் ஏறியிருந்தது. துணிக்குப் பூசிய மருந்தின் நெடி தொண்டையில் காரமாக நின்றது. எந்த நாட்டில் மழை பெய்தாலும் விளைச்சல் இந்த சோங்ஷியா ஊரின் குடை முதலாளிகளுக்குத்தான். தைக்கிறவர்களுக்கு விரலில் காய்ப்பு. ஜன்னலுக்கு வெளியே ஊர் இன்னும் பல் விளக்கவில்லை, அதற்குள் அவள் பதினோரு குடைகளை முடித்திருந்தாள்.

அவள் கண் குடையில் இல்லை, கடிகாரத்தில் இருந்தது. பத்து மணி ஆக வேண்டும்.

வீட்டில் ஐந்து மாதக் குழந்தை மான்மான். பகலில் நாத்தனார் பார்த்துக்கொள்கிறாள். காலையும் இரவும் குழந்தை நேராகக் குடிக்கும்; பகலுக்கு, முதல் நாள் பட்டறையில் பீய்ச்சி எடுத்துப்போன பால். பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் டான்பிங்கும், பக்கத்து மேசை ஹுய்ஷினும் துணிக் கிடங்குக்குள் நழுவுவார்கள். அடுக்கி வைத்த துணி உருளைகளுக்குப் பின்னால் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து, கைப்பம்பினால் பீய்ச்சி, காலி சோயாப்பால் புட்டிகளில் ஊற்றிக் கேண்டீன் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவார்கள். சோயாப்பால் புட்டியென்றால் யார் கண்ணையும் உறுத்தாது. டான்பிங்கின் யோசனைதான் அது. பயந்தவளுக்கு வருகிற யோசனை.

அந்த யோசனைதான் நேற்று கவிழ்த்துவிட்டது. பை என்ற சூப்பர்வைசர், காலையில் வாங்கிய, எண்ணெயில் பொரித்த மாவுக்குச்சியை மதியம் கடித்துக்கொண்டு ஃப்ரிட்ஜைத் திறந்தார். கைக்கு எட்டிய சோயாப்பாலைக் கிண்ணத்தில் ஊற்றித் தொட்டுத் தொட்டுத் தின்றார். "இன்னிக்கு என்ன, இப்படி இனிக்குது?" என்று சமையற்காரரை வேறு பாராட்டினார். சமையற்காரர் புட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம சரக்கு இல்லீங்களே," என்றார். ஹுய்ஷினால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவ்வளவுதான், கேண்டீனுக்கே விஷயம் புரிந்துவிட்டது. "ஐம்பத்தி ரெண்டு வயசுல மறுபடியும் தாய்ப்பால் குடிக்கிற யோகம் யாருக்கு வரும்?" என்றார் இஸ்திரி போடும் கிழவர். மீதிப் பகல் முழுக்கப் பட்டறை சிரித்தது. டான்பிங் மட்டும் சிரிக்கவில்லை. போனது அவள் மகளின் சாப்பாடு. வரப்போவது என்னவென்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

இன்று பத்து மணிக்குக் கிடங்குக்குப் போனபோது கதவில் புதுப் பூட்டு தொங்கியது. பக்கத்தில் ஒரு தாள்: சொந்தப் புட்டிகள் உள்ளே வரக்கூடாது, சாப்பாட்டு நேரம் தவிர மேசையை விட்டு எழக்கூடாது. டான்பிங் அதை இரண்டு முறை படித்தாள். இறக்காத பாலில் மார்பு கொதித்தது.

மேசைக்குத் திரும்பியபோது அவள் இடத்தில் ஐந்து அரைகுறைக் குடைகள் குவிந்து கிடந்தன. மேசைத் தலைவி குவோ அக்கா நிமிராமலே சொன்னாள்: "உன் புள்ள குடிக்கிறது எங்க கூலிடி. தெரியுமில்ல?"

கூலி மேசைக்கு. ஒருத்தி எழுந்தால் எட்டுப் பேருக்கும் குறையும். போன மாதம் ஆர்டர் இல்லையென்று அந்தக் கூலியையும் குறைத்திருந்தார்கள். டான்பிங் குவியலிலிருந்து ஒன்றை இழுத்துக்கொண்டாள். பதில் பேசி என்ன ஆகும் என்று வசந்த காலத்திலேயே பார்த்தாயிற்று. மோ என்ற பெண், பால் கொடுக்கிறவளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் சட்டப்படி உண்டு என்று கேட்டாள். பால் கொடுக்கிறவளை வேலையை விட்டு நீக்க முடியாது, அதுவும் சட்டம். அதனால் அவளை யாரும் நீக்கவில்லை. நாள் முழுக்க நின்றபடி கம்பிக்கு ஆணி அடிக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். இரண்டே வாரத்தில் பால் வற்றியது, அவளே வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பதினொன்றரைக்கு, கழிப்பறைக்கு மட்டும் தரும் அனுமதி வில்லையை வாங்கிக்கொண்டு டான்பிங் ஓடினாள். பத்து நிமிடம்தான் தருவார்கள். தடுப்புக்குப் பின்னால் குந்தி, ஒரு கையால் அழுத்தினாள். வரவில்லை. புட்டியோடு சட்டைக்குள் ஒளித்து வந்த பம்பை வைத்து இழுத்தாள். நெஞ்சு பாறையாகக் கட்டிக்கொண்டு கிடக்கிறது, புட்டியில் விழுந்ததோ நான்கைந்து சொட்டு. வெளியே வில்லை கொடுத்த காவல்காரி கதவைத் தட்டும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதோ இறுகிக்கொண்டது. பயந்தால் பால் இறங்காது என்று பிரசவம் பார்த்த நர்ஸ் சொல்லியிருந்தாள். பால் இறங்கவில்லையே என்று பயப்படுகிறவள் என்ன செய்ய வேண்டும் என்று அவள் சொல்லவில்லை.

கைபேசியில் நாத்தனார் பேசி அனுப்பியது காத்திருந்தது. "டான்பிங், கடைசிப் புட்டியும் எடுத்தாச்சு. பாதி குடிச்சிட்டு இன்னும் அழுவுறா. பக்கத்து வீட்டுக்காரி டப்பாப்பால் பவுடர் குடுத்தா. நல்ல கம்பெனிதானாம். நாலு மணிக்குக் கொஞ்சமா கரைச்சுக் குடுத்துப் பாக்கட்டுமா?"

டான்பிங் பிரசவமாகிப் படுத்துக் கிடந்த மாதம், பால் ஊறட்டும் என்று பன்றிக்கால் சூப்பும் கெண்டை மீன் சூப்பும் மாறி மாறிக் குடித்தும் பால் போதவில்லை என்று இதே நாத்தனார் இரண்டு வேளை டப்பாப்பால் கொடுத்தாள். மூன்றாம் நாள் குழந்தையின் துணியில் இரத்தம். மாட்டுப்பால் இந்த உடம்புக்கு ஆகாது, இன்னொரு முறை கொடுத்தால் என்னாகும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். நாத்தனார் கெட்டவள் அல்ல. அழுகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவள், அவ்வளவுதான்.

"வேண்டாம் அண்ணி. உங்க கால்ல விழறேன், குடுத்துடாதீங்க. கஞ்சித்தண்ணி ரெண்டு ஸ்பூன் குடுங்க. நான் கொண்டுவரேன்," என்று வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசி அனுப்பினாள். எதைக் கொண்டுபோவது என்று தெரியவில்லை.

இரண்டு மணிக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. பற்கள் தாமாகக் கிட்டித்தன. அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா ஷென் மாடியிலிருந்து இறங்கி வந்தார். பின்னால் சூப்பர்வைசர் பை, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

"அந்த சோயாப்பால் யாரோடது?" என்று கேட்டார் முதலாளியம்மா. குரலில் கோபமே இல்லை. அதுதான் பயம்.

டான்பிங் தலை குனிந்துகொண்டாள். பக்கத்து மேசையில் ஹுய்ஷின்தான் எழுந்தாள். "நாங்க கைக்குழந்தைக்காரிங்க முதலாளியம்மா. கிடங்கைப் பூட்டிட்டீங்க. நாங்க எங்க போறது?"

"நானும் ரெண்டு பெத்தவதான்மா. முப்பது நாள் படுக்கணும்னாங்க. இருபதாம் நாள் இதே கட்டடத்துல நின்னு லாரிக்குச் சரக்கு ஏத்தினேன்."

"உங்களுக்கு மாடியில கதவு வச்ச ரூம் இருந்துச்சு."

இரண்டு மேசைகளில் ஊசி நின்றது. முதலாளியம்மா சிரித்தார். "வாய் நல்லா இருக்கு. சரி, சட்டம் ஒரு மணி நேரம்னு சொல்லுது, எடுத்துக்கங்க. நான் வேண்டாங்கல. ஆனா டேபிள் கூலி டேபிளுக்குத்தான். கூட உக்காந்திருக்கிற ஏழு பேர் சரின்னு சொல்லட்டும், இப்பவே பூட்டைத் திறக்கறேன்."

சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கெட்டிக்காரி. பூட்டைத் தன் கையிலிருந்து எடுத்து அந்த ஏழு பேர் கையில் கொடுத்துவிட்டார். டான்பிங் யார் முகத்தையும் பார்க்கவில்லை. குனிந்து தைத்தாள். காய்ச்சலில் ஊசி கட்டைவிரலில் ஏறி மறுபக்கம் வந்தது. வெளிர்மஞ்சள் துணியில் இரத்தம் படர்ந்தது.

"உருப்படி போச்சு," என்றார் பை. "இவ கணக்குல பிடிங்க."

குவோ அக்கா எழுந்து வந்தாள். ஊசியைப் பிடுங்கி எறிந்தாள். நெற்றியைத் தொட்டாள், பிறகு யார் நிற்கிறார்கள் என்றும் பாராமல் உள்ளங்கையை டான்பிங்கின் மார்பில் வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள், தணலைத் தொட்டவள் போல.

"கல்லு மாதிரி இருக்கேடி. சொல்லித் தொலைய மாட்டியா?"

"பால் இறங்கல அக்கா. வீட்ல டப்பாப்பால் குடுக்கப் போறாங்க. குடுத்தா புள்ளைக்கு ரத்தமாப் போகும். எனக்கு பயமா இருக்கு." அவளுக்கு அழுகை வந்தது. அடக்கவும் தெம்பில்லை.

குவோ அக்கா ஒரு துண்டுத் துணியை டான்பிங்கின் கட்டைவிரலில் சுற்றினாள். "என் பையனை மூணு மாசத்துல ஊர்ல விட்டுட்டு இந்த மேசைக்கு வந்தேன்," என்றாள், யாரிடம் என்றில்லாமல். "துணியால இறுக்கிக் கட்டி வத்த வச்சேன். மூணு நாள் காய்ச்சல். அப்ப ஒருத்தியும் என்னன்னு கேக்கல." பிறகு முதலாளியம்மா பக்கம் திரும்பினாள். "இந்த டேபிள் சரிங்குது. பூட்டைத் திறங்க."

"கூலி குறையும் குவோ. யோசிச்சுப் பேசு."

"போன மாசமும்தான் குறைச்சீங்க. அப்ப எவளும் பால் பீச்சப் போகலையே?"

நான்காவது இடத்துப் பெண் ஊசியை மேசையில் குத்தினாள். "நானும் சரி." அவளுக்கு அடுத்தவளும், பிறகு மற்றவர்களும் சரி என்றார்கள். ஒருத்தி மட்டும் தயங்கினாள்; ஊரில் மூன்று பேருக்குப் பணம் அனுப்புகிறவள். அவளும் கடைசியில் ஊசியை வைத்தாள்.

முதலாளியம்மாவின் சிரிப்பு போயிருந்தது. "எழுதிக் கொடுங்க. திங்கட்கிழமை பாக்கலாம்."

"திங்கட்கிழமை வரைக்கும் புள்ள வாயைக் கட்டி வைக்கச் சொல்றீங்களா?" என்றாள் குவோ அக்கா.

குவோ அக்கா குவியலிலிருந்து தைத்து முடித்த குடை ஒன்றை உருவி, பொத்தானை அழுத்தினாள். அது படாரென்று விரிந்தது. அதை டான்பிங்குக்கு முன்னால் சாய்த்துப் பிடித்தாள். ஹுய்ஷின் ஓடிவந்து இன்னொன்றை விரித்தாள். நீலம், சிவப்பு, பூப்போட்டது, ஏற்றுமதிக்குப் போக வேண்டிய கறுப்பு. பக்கத்து மேசைகளிலிருந்தும் வந்தார்கள். இஸ்திரிக் கிழவர் முதுகைத் திருப்பிக்கொண்டு தலைக்கு மேலே ஒன்றைப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் பட்டறை நடுவே குடைகளாலான ஒரு சிறு அறை எழுந்து நின்றது.

"அது ஆர்டர் சரக்கு," என்று கத்தினார் பை.

உள்ளே பல நிறத்தில் வெளிச்சம் விழுந்தது. டான்பிங் பொத்தான்களை அவிழ்த்தாள். விரல் வழுக்கியது. குவோ அக்கா ஒரு கையில் குடையோடு குனிந்தாள். "பயப்படாதேன்னு சொல்ல மாட்டேன். எனக்கே கை நடுங்குது பாரு. பயந்துக்கிட்டே பீச்சு."

அழுத்தினாள். வலியில் கண்ணில் பூச்சி பறந்தது. ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினாள். சுற்றிலும் பிறர் மூச்சு விடும் ஓசை, வியர்வை, துணி நெடி. எங்கோ ஆழத்தில் ஒரு நரம்பு சுருக்கென்று இழுத்தது. ஒரு சொட்டு. இன்னொன்று. பிறகு மெல்லிய கம்பியாகப் பால் புட்டியின் சுவரில் பீறிட்டு அடித்தது. அந்தச் சத்தம் வட்டத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"ஒவ்வொருத்தி பேரையும் எழுதுங்க பை," என்றார் முதலாளியம்மா வெளியே. "நாளைக்கு ஆணிக் கொட்டகையில இடம் இருக்கு. வேண்டிய அளவுக்கு இருக்கு."

பை நோட்டை விரித்தார். குடைகளைத் தாண்டி முகம் எதுவும் தெரியவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குவோ ஷிலான்," என்றாள் அக்கா. "எழுதினீங்களா?"

"ஹுய்ஷின். ரெண்டாம் டேபிள்."

பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. சிலது நடுங்கி, சிலது வீம்பாக. பை எழுதிக்கொண்டே போனார், தாளைத் திருப்பினார். நாளை இவர்களில் எத்தனை பேர் ஆணிக் கொட்டகையில் நிற்பார்கள், யாருக்கும் தெரியாது.

"அவ்வளவுதானா?" என்றார் பை.

டான்பிங்கின் காய்ச்சலும் பயமும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் பால் நிற்கவில்லை. புட்டியைச் சாயாமல் பிடித்தபடி அவள் குரல் கொடுத்தாள்.

"ரான் டான்பிங். மூணாவது இடம். எழுதிக்கங்க. என் ஒரு மணி நேரத்துல இன்னும் முக்கால் மணி பாக்கி இருக்கு."