ஐந்தாவது வரிசையின் கைகள்

கிளாரினெட்டை வாயில் வைப்பதற்கு முன்னால் ரெஜினா பார்த்தது ஐந்தாவது வரிசையைத்தான். அம்மா செல்லம்மா, அண்ணன் துரை, துரையின் பேண்டு செட்டு ஆட்கள் ஆறு பேர், ஆக மொத்தம் எட்டு உருப்படிகள். செய்யூரிலிருந்து வேன் பிடித்து மாமல்லபுரம் வந்து, கடலோர ஓட்டல் அரங்கின் ஏசியில் வெடவெடவென்று உட்கார்ந்திருந்தார்கள். எட்டுப் பேரின் கைகளும் மடியிலேயே இருந்தன. ஆனாலும் அவள் அந்தக் கைகளை இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தாள்.

எண்ணாமல் என்ன செய்வாள்? போன மாசியில் படூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நடந்த கூத்து அப்படி. இந்த மேற்கத்திய இசைக் குழுவோடு ரெஜினா முதல்முறை தனியாக வாசித்த நாள் அது. கான்செர்ட்டோ என்றால் ஒருவர் முன்னின்று வாசிக்க, குழு கூடச் சேர்ந்து வாசிக்கிற இசை; அதில் மூன்று பாகம். ஒரு பாகத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் நடுவில் யாரும் மூச்சுக்கூட விடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். நம்ம துரைக்கு அதெல்லாம் தெரியுமா? முதல் பாகம் முடிந்த அமைதியில் இரண்டு விரலை வாயில் விட்டு ஒரு விசில் அடித்தான் பாருங்கள், கூரை எகிறிவிட்டது. "போட்றா தங்கச்சி!" என்று கத்தல் வேறு. கூட வந்த ஆறு பேரும் கை தட்டித் தீர்த்தார்கள். சென்னைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். குழுவை நடத்துகிற ஹரிகிருஷ்ணன் கைக்குச்சியைத் தாழ்த்திக்கொண்டு, சத்தம் அடங்கும்வரை தரையைப் பார்த்து நின்றார்.

துரையைச் சொல்லியும் குற்றமில்லை. பேண்டுக்காரர்கள் சட்டம் வேறு. கல்யாண ஊர்வலத்தில் வாசிக்கிறவனுக்கு விசில்தான் சோறு. நடுப்பாட்டில் கூட்டம் கம்மென்று இருந்தால் வாசிப்பு எடுபடவில்லை என்று பொருள். அந்த நேரத்தில் கூட இருக்கிறவன்தான் "போடு, போடு" என்று கத்தித் தூக்கி நிறுத்த வேண்டும். வாயை மூடிக்கொண்டு நிற்பவன் துரோகி. ரெஜினாவும் அதே செட்டில் பத்து வருஷம் நடந்து வாசித்தவள்தான். அந்த விசிலை நம்பி எத்தனையோ மைல் நடந்திருக்கிறாள்.

அன்றைக்கு நிகழ்ச்சி முடிந்ததும் ஹரிகிருஷ்ணன் தனியாகக் கூப்பிட்டார். "உங்க வாசிப்புல ஒரு குறையும் இல்ல ரெஜினா. ஆனா அடுத்தது மாமல்லபுரம். உங்களை நிரந்தரமா எடுத்துக்கலாமான்னு முடிவு பண்றவங்க எல்லாரும் வர்றாங்க. அங்கயும் இப்படி ஆச்சுன்னா என்னால உங்களுக்காகப் பேச முடியாது. உங்க ஆளுங்ககிட்ட சொல்லி வைங்க." மனிதர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. தன்மையாகச் சொன்னார், அதுதான் நாண்டுகொண்டு சாகலாம்போல் இருந்தது.

வரவே வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். வாய் வரவில்லை. அதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை செய்யூர் போய், எல்லாரையும் உட்கார வைத்துக் கத்தினாள்.

"ஒருத்தரும் கை தட்டக் கூடாது. விசில் கூடாது. ஒரு சத்தம் வந்துச்சு, அப்புறம் நான் இந்த வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"அப்ப எப்பதாம்மா தட்றது?" என்றான் துரை.

"எப்பவுமே வாணாம்! உனுக்கு எங்க முடியுது, எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது. கம்முனு குந்திகினு இரு, போதும். மானத்த வாங்காத."

துரைக்கு முகம் செத்துப்போயிற்று. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த செல்லம்மா, "சரி கண்ணு, நீ சொன்னா சரி" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

இப்போது குழு வாசிக்கத் தொடங்கியது. இருநூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முந்தி எழுதிய கான்செர்ட்டோ. கேட்கிறவருக்கு வாய்க்கால் தண்ணீர் மாதிரி சுலபமாகப் போகும். வாசிக்கிறவருக்கோ ஒளிந்துகொள்ள ஒரு மறைவு கிடையாது, ஒரு ஸ்வரம் பிசகினாலும் ஊருக்கே தெரியும். தன் முறை வந்ததும் ரெஜினா ஆரம்பித்தாள். விரல்கள் இங்கே, காது மட்டும் ஐந்தாவது வரிசையில். துரையின் முழங்கால் ஆடுவது தெரிந்தது. ஐயோ, ஆட்டத்தை நிறுத்துடா. யாரோ செருமினார்கள். அந்தத் திடுக்கிடலில், வேகமாக இறங்குகிற ஓரிடத்தில் ஒரு ஸ்வரம் நழுவியது. ஏசிக் குளிரில், ஊதுகிற இடத்து நாணல் பட்டையான ரீடு வேறு சண்டித்தனம் செய்தது. பல்லைக் கடிக்கவும் வழியில்லை, வாயில் கிளாரினெட். எப்படியோ முதல் பாகத்தைக் கரை சேர்த்தாள்.

அமைதி. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினாள்.

பட், பட், பட்.

ரெஜினாவுக்கு உயிரே போய்விட்டது. அரங்கம் முழுக்கத் தலைகள் திரும்பின, கூட்டத்தோடு ஒட்டாத ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த ஐந்தாவது வரிசையை நோக்கி. ஹரிகிருஷ்ணனும் அங்கேதான் திரும்பினார். தட்டியவர் யார் தெரியுமா? இரண்டாவது வரிசையில் பட்டு ஜிப்பா போட்ட ஒரு பெரிய மனிதர். தட்டிய கையை நைசாக எடுத்துக்கொண்டுபோய் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். அவரை ஒரு ஈ காக்கைகூடப் பார்க்கவில்லை. செல்லம்மாதான் எழுந்தும் எழாமலும், இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து எல்லாருக்கும் காட்டினாள். லத்தியோடு வந்த போலீசுக்குக் காட்டுவதுபோல் காட்டினாள். துரை தன் கைகளைத் தொடைக்கு அடியில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

"அவங்க இல்ல" என்று ரெஜினா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேடையில் இருந்தவள் அவள். ஜிப்பாக்காரரை நன்றாகப் பார்த்தவளும் அவள். சொல்லவில்லை. வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் நாக்கைக் கட்டிப்போட்டது. தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பாகத்துக்குக் கிளாரினெட்டை எடுத்தாள். சே, என்ன ஜென்மம் நான் என்று அவளுக்கே இருந்தது.

இரண்டாம் பாகம் நிதானமானது. நீண்ட மூச்சு வேண்டும். அந்தப் பக்கம் பார்க்கவே வெட்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். பயம் போகவில்லை. ஆனால் அழுகை வந்துவிடுமோ என்ற புது பயம் பழையதை முந்திக்கொண்டது. மூன்றாம் பாகம் ஓட்டமும் துள்ளலும். கீழ் ஸ்வரத்திலிருந்து உச்சிக்குத் தாவுகிற இடங்கள் ஒவ்வொன்றிலும் விழப்போகிறோம் என்றே நினைத்தாள். விழவில்லை. கடைசி ஸ்வரம் குழுவோடு சேர்ந்து ஒரே அடியாய் வந்து நின்றது.

அரங்கம் எழுந்துவிட்டது. அப்படி ஒரு கைதட்டல். ஜிப்பாக்காரர் "பிரமாதம்!" என்று எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்றார். முடிவு செய்கிறவர்கள் முன்வரிசையிலிருந்து தலையசைக்க, ஹரிகிருஷ்ணன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, காதோரம் சொன்னார்: "அடுத்த மாசத்திலேருந்து நீங்க நம்ம குழுவுல இருக்கீங்க. சந்தோஷமா?"

சந்தோஷம்தான். அவள் ஐந்தாவது வரிசையைத் தேடினாள். சுற்றிலும் எல்லாரும் நின்று தட்ட, நடுவில் எட்டுப் பேர் மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். துரையின் முகமெல்லாம் கண்ணீர். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். டிரம் வாசிக்கிற பையன் ஒருவன் கையைத் தூக்கப் போக, செல்லம்மா பட்டென்று அடித்து இறக்கினாள். பக்கத்து நாற்காலி அம்மாள் இவர்களை ஏற இறங்கப் பார்த்தாள், இதுகளுக்கு என்ன தெரியும் என்பதுபோல.

எழுந்திருங்கள், தட்டுங்கள் என்று ரெஜினா மேடையிலிருந்தே கைகாட்டினாள். தப்பு நடந்துவிட்டது என்று நினைத்த செல்லம்மா, அவசரமாகத் தலையை ஆட்டி, துரையின் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

ரெஜினாவுக்குத் தாங்கவில்லை. கிளாரினெட்டை வயலின்காரப் பெண்ணின் கையில் திணித்துவிட்டுப் படியிறங்கி, கைதட்டலுக்கு நடுவே நடந்து ஐந்தாவது வரிசைக்கே போய் நின்றாள்.

"யம்மா, முடிஞ்சிட்ச்சும்மா. இப்ப தட்டலாம்."

செல்லம்மா மேடையில் நிற்கிற ஹரிகிருஷ்ணனைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"நெசமாவா கண்ணு? அப்பால திட்ட மாட்டியே?"