இரண்டாவது வண்டு

ஒரு வண்டு போதாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். மழை வெள்ளம் மலையிலிருந்து அடித்துக்கொண்டு வந்திருக்கலாம். யாரோ கொண்டுவந்த பூச்செடித் தொட்டியில் ஏறி வந்திருக்கலாம். இன்னொன்று கிடைக்கட்டும், அப்போது புள்ளி வைப்போம் என்றார்.

சுஹானா மூன்று வருடமாகப் பினாங்குத் தீவின் வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். எந்தத் தரைவண்டு எங்கே இருக்கிறது என்று பதிவு செய்வதுதான் வேலை. போகும் இடத்தில் பிளாஸ்டிக் கோப்பைகளை, விளிம்பு மண்மட்டத்துக்கு வரும்படி புதைப்பாள். இரவில் தரையில் ஓடும் வண்டு தவறி உள்ளே விழும். கோப்பையில் இருக்கும் திரவம் அதை அழுகாமல் வைத்திருக்கும். செவ்வாயும் வெள்ளியும் போய் எடுத்து வருவாள். மலையை விட்டு நகரத்துக்குள் வர வர விழுவது குறையும். டத்தோ கிராமாட்டில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடியின் புல்தரையில் கரப்பான் பூச்சியைத் தவிர எதுவும் விழுந்ததில்லை.

அந்த ஒரு வண்டு மலையடிவாரத்து இடுகாட்டில் கிடைத்தது. கட்டைவிரல் நகமளவு, கறுப்பு. முதுகின் இரண்டு ஓடுகளும் ஒட்டிப்போனவை, ஆகவே பறக்காது. தன் ஆயுள் முழுக்க ஒரு தெரு தூரம்கூடப் போகாது. மலையுச்சிக் காட்டில் மட்டுமே இருப்பதாகத்தான் இதுவரை பதிவு. அடிவாரத்தில் அது வாழ்கிறது என்றால், முன்பு அங்குவரை இறங்கியிருந்த காட்டில் ஏதோ ஒரு துண்டு கல்லறைகளுக்கு நடுவில் இன்னும் சாகவில்லை என்று அர்த்தம்.

மாத முடிவில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. அந்தப் புள்ளி இல்லாவிட்டால், ஊருக்குத் தெரிந்ததைத் திரும்பச் சொல்லத்தான் மூன்று வருடம் குனிந்து நடந்தாள் என்றாகிவிடும்.

அந்த நேரம் பார்த்துத் திரவம் தீர்ந்தது. பல்கலைக்கழகத்தில் கேட்டால் அடுத்த மாதம் வரும் என்றார்கள். மாக் மண்டினில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் அஸ்ஹரிடம் போனாள். ரேடியேட்டரில் ஊற்றும் பச்சைக் கூலண்ட் ஒரு டின் கொடுத்தான். அதிலும் வண்டு கெடாது. ஊற்றிவிட்டாள்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை அவள் போனபோது, இடுகாட்டு வாசலில் ஜெயலெட்சுமி சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் கணவர் ராமதாஸ் அங்கே காவல்காரர். வாசலை ஒட்டிய வீட்டில் இரண்டு பேரும் இரண்டு நாய்களும் இருந்தார்கள். போன வாரத்திலிருந்து ஒரு நாய்தான். மற்ற நாயான ராக்கி அப்போது பின்பக்கக் கல்லறைகளுக்கு நடுவில் செத்து விறைத்துக் கிடந்தது.

"வா பிள்ள, இந்தக் கூத்தப் பாரு. செவல தண்ணி போட்டுட்டு வந்திருக்கான்."

மிச்சமிருந்த நாய் செவலை பின்னங்கால்களை அகட்டி வைத்து நடந்தது. நாலடி வந்து சுவரில் சாய்ந்தது.

"எங்க வீட்டுக்காரர் பாட்டிலக் கவுத்துட்டான்னு நெனக்கிறேன். பின்னாலருந்து பாத்தா ரெண்டுல யாரு யாருன்னு தெரில லா."

"கேக்குது, கேக்குது," என்றார் ராமதாஸ் உள்ளேயிருந்து.

சுஹானா சிரித்துவிட்டு நாயைச் சுற்றிக்கொண்டு போனாள். சிறு வயதிலிருந்தே நாயைச் சுற்றிப் போய்ப் பழகியவள். அதன் எச்சில் பட்டால் மார்க்கப்படி மண்ணால் கழுவ வேண்டும். தன்மேல் நாய் படாமல் பார்த்துக்கொள்ளத்தான் அவளுக்குத் தெரியும்.

ஜெயலெட்சுமி கூடவே நடந்தாள். சிரிப்பு அடங்கியிருந்தது.

"ராக்கி இருந்திருந்தா இவன இப்பப் போட்டுக் கடிப்பான். வெஷம் வச்ச நவமணி கை வெளங்காமப் போவ."

"அவருதான்னு எப்படிக்கா சொல்றீங்க?"

"போன வருஷம் ராக்கி அவன் காலக் கடிச்சப்ப என்னா சொன்னான்? ஒரு நாளைக்கி மருந்து வச்சிருவேன்னு ஊரு கேக்கச் சொன்னான்ல. அவன் கையிலதான் எந்நேரமும் மருந்துப் பம்பு இருக்கே."

நவமணி இடுகாட்டில் புல்லுக்கு மருந்து அடிப்பவர். ஐம்பது வயது. சுஹானாவின் அடுக்குமாடியில் இரண்டு மாடி கீழே, தன் அக்காவோடு இருந்தார். மின்தூக்கி பழுதான நாட்களில் சுஹானாவின் டின்களை மேலே தூக்கிக்கொண்டு வந்து வைப்பார்.

"ஒரே பிளாட்டுல இருக்கீங்க, நீ அப்படித்தான் பேசுவ," என்று ஜெயலெட்சுமி திரும்பிப் போய்விட்டாள்.

முதல் கோப்பையில் எறும்பு. இரண்டாவதில் இரண்டு சிள்வண்டு. மூன்றாவது மாமரத்தடியில் இருந்தது. மழைக்கு மறைப்பாக ஆணியில் நிறுத்தியிருந்த தட்டு தள்ளிக் கிடந்தது. கோப்பை காய்ந்திருந்தது. உட்சுவரில் நக்கிய தடம். சுற்றிலும் ஈரமண்ணில் நாயின் கால்கள்.

நாய் வாய் வைத்த கோப்பை. அவள் கை தானாக வேலையைத் தொடங்கியது. மண்ணை அள்ளிப் போட்டாள். புட்டித் தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். கொட்டினாள். அலசினாள். மறுபடி அலசினாள். ஏழு தடவை கழுவ வேண்டும். நாலாவது தடவையில் கை நின்றது.

அஸ்ஹரைக் கூப்பிட்டாள்.

"நானா, அந்தக் கூலண்ட்ட நாய் குடிக்குமா?"

"குடிக்கும் லா. இனிப்பா இருக்கும். நம்ம பட்டறையில பூனையே செத்திருக்கு. ஏன், நீ மூடி வைக்கலையா?"

"மூடித்தான் வச்சிருக்கேன்."

"அப்பறம் என்னா?"

தொலைபேசியில் தேடிப் படித்தாள். முதலில் குடித்ததுபோல் தள்ளாடும். பிறகு தெளிந்துவிட்டதுபோல் இருக்கும். பிறகு சிறுநீரகம் போய்விடும். தள்ளாடும்போதே மருத்துவரிடம் கொண்டுபோனால் பிழைக்க வாய்ப்பு உண்டு. வேறு மருந்து கையில் இல்லாத நேரம் மருத்துவர்கள் சாராயத்தைக்கூட ஏற்றுவார்களாம். விஷம் வேலை செய்யாமல் அது தடுக்குமாம். அந்த வரியை இரண்டு தடவை படித்தாள்.

வாசல் வரை நடந்தால் சொல்லிவிடலாம். சொன்னால் ராமதாஸ் அப்போதே கோப்பைகளைப் பிடுங்கச் சொல்வார். பிடுங்கினால் இரண்டாவது வண்டு இல்லை.

பையில் வண்டு நுழையும் அளவு கண்ணுள்ள கம்பி வலை இருந்தது. குரங்கு வரும் இடங்களுக்காக வைத்திருந்தது. கோப்பையில் மறுபடி கூலண்டை ஊற்றி, வலையைப் போட்டு, நான்கு பக்கமும் கல் வைத்தாள். மற்றக் கோப்பைகளுக்கும் அப்படியே செய்தாள். இனி எந்த நாயும் குடிக்க முடியாது. அது உண்மைதான்.

திரும்பி வரும்போது செவலை தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. தலையை எடுக்காமல் குடித்தது.

"பாத்தியா, போத எறங்குது," என்றாள் ஜெயலெட்சுமி.

"சரியாயிடும்க்கா," என்றாள் சுஹானா.

வெள்ளிக்கிழமை மாமரத்தடிக் கோப்பையில் வண்டு கிடந்தது. பச்சைத் திரவத்துக்கு அடியில், கால்களை மடக்கிக்கொண்டு. இடுக்கியால் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஓடுகள் ஒட்டியிருந்தன. சந்தோஷம் வந்தது. வராமல் இருந்திருக்கலாம் என்று பிறகு நினைத்தாள், ஆனால் வந்தது. கண்ணாடிக் குழாயில் போட்டு, இடமும் நாளும் எழுதி ஒட்டினாள்.

வாசலில் ஜெயலெட்சுமி படியில் உட்கார்ந்திருந்தாள். காலையில் சுஹானா உள்ளே போகும்போது படியில் யாரும் இல்லை.

"செவல போயிட்டான் பிள்ள. புதன்கிழமை நல்லாத்தான் இருந்தான். நேத்துக் காலையில எந்திரிக்கல."

சுஹானா நின்றாள்.

"சாயங்காலம் நவமணி வந்தான். தானா வந்தான். அண்ணே, நான்தான் போலருக்கு, தண்ணித் தொட்டிப் பக்கம் மருந்து அடிச்சேன், காத்து அந்தப் பக்கம் அடிச்சிச்சு, மன்னிச்சுக்குங்கன்னான். இவரு மண்வெட்டிய எடுத்துட்டாரு. காம்பாலதான் அடிச்சாரு. கை ஒடிஞ்சிருச்சி." அவள் தன் முழங்கைக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். "ஆஸ்பத்திரியில கீழ விழுந்துட்டேன்னு சொல்லிட்டானாம். அந்த மட்டும் நல்லவன்."

"அக்கா, அவரு இல்ல. என் கோப்பையில இருந்த மருந்து. அதக் குடிச்சித்தான் ரெண்டும் செத்திச்சு."

ஜெயலெட்சுமி அவள் பையைப் பார்த்தாள்.

"வெறும் ஸ்பிரிட்டு, நாய் கிட்டவே போவாதுன்னு சொன்ன."

"அது முன்ன ஊத்துனது. அப்பறம் மாத்திட்டேன்."

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

இன்றைக்குத்தான் என்று சொல்லலாம். யாராலும் சரிபார்க்க முடியாது.

"செவ்வாக்கெழம."

ஜெயலெட்சுமி தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் இங்க நின்னு தண்ணி குடிச்சான். நீ சரியாயிடும்னு சொன்ன."

"ஆமாக்கா."

ராமதாஸின் பாட்டிலே செவலையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று சுஹானா சொல்லவில்லை. அதை மட்டும் சொல்லவில்லை.

"சரி. எங்கிட்ட சொன்னதோட இருக்கட்டும்," என்றாள் ஜெயலெட்சுமி. குரல் தாழ்ந்திருந்தது. "அவருகிட்ட சொல்லாத. தப்பு செஞ்சவன அடிச்சோம்னு நெனச்சிக்கிட்டுதான் நேத்து ராத்திரி தூங்குனாரு. சும்மா கெடந்தவன் கைய ஒடிச்சோம்னு தெரிஞ்சா அந்த மனுசன் தாங்க மாட்டாரு. நவமணியும் விழுந்தேன்னு சொல்லிட்டான். முடிஞ்சிருச்சி. நீ போ பிள்ள."

சுஹானா போனாள். ஆனால் தன் வீட்டுக்கு ஏறவில்லை. இரண்டு மாடி கீழே நின்று கதவைத் தட்டினாள்.

நவமணி நாற்காலியில் இருந்தார். வலது கையில் மாவுக்கட்டு. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பூச்சிக்காரப் பிள்ளையா? இங்க ஒன்னும் கெடைக்காதே. மூட்டப்பூச்சிதான் இருக்கு, வேணும்னா எங்கக்காகிட்டக் கேளு."

"வாய் மட்டும் ஒடியல," என்றாள் அவருடைய அக்கா.

உட்காரச் சொன்னார்கள். சுஹானா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். கூலண்ட், கோப்பை, செவ்வாய்க்கிழமை. நவமணி கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று அவள் கவனிக்கவில்லை.

"அப்ப நான் இல்ல," என்றார்.

"இல்லண்ணே."

"நேத்து ராத்திரி பூரா கண்ண மூடுனா அந்த நாய்தான் வந்து நிக்குது." கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "நான் இல்ல."

"என்ன மன்னிச்சிருங்கண்ணே."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "அக்கா, சட்டையக் கொண்டா," என்றார்.

"எங்கடா?"

"இடுகாட்டுக்கு."

"மிச்சமிருக்கற கையும் வேண்டாமா ஒனக்கு?"

"எங்கிட்ட சொல்லி என்னா பிள்ள?" நவமணி சுஹானாவிடம் சொன்னார். "நான் அடிபட்டவன். அடிச்சவன்கிட்டல்ல சொல்லணும்."

ஜெயலெட்சுமி கேட்டுக்கொண்டதை அவரிடம் சொல்ல வாயெடுத்தாள். அவருடைய அக்கா தம்பிக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள், ஒடிந்த கை மேல் சட்டையை வெறுமனே தொங்கவிட்டு. சுஹானா கார்ச் சாவியை எடுத்தாள்.

ராமதாஸ் வேலியோரம் செவலையைப் புதைத்த இடத்தில் மண்ணை மட்டப்படுத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் ராக்கியின் மேடு. நவமணியைக் கண்டதும் மண்வெட்டியை இரண்டு கையாலும் பிடித்தார். ஜெயலெட்சுமி வீட்டு வாசலுக்கு வந்தாள். சுஹானாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

சுஹானா நவமணிக்கு முன்னால் போய் நின்று சொன்னாள். இந்த முறை இன்னும் சுருக்கமாக முடிந்தது.

ராமதாஸின் கண் மாவுக்கட்டுக்குப் போனது. உடனே அங்கிருந்து எடுத்துக்கொண்டார். மண்மேட்டைப் பார்த்தார். மாமரத்தைப் பார்த்தார். பார்க்க வேறு எதுவும் இல்லாதபோது சுஹானாவைப் பார்த்தார்.

"ஒனக்கு வேண்டிய பூச்சி கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சிண்ணே."

"அப்ப எடுத்துக்கிட்டுப் போ."

அவள் வலைகளைப் பிரித்தாள். கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பச்சைத் திரவத்தை டின்னில் ஊற்றினாள். மூன்றாவது கோப்பையை எடுக்கும்போது பின்னால் காலடி கேட்டது. நவமணி அவள் விட்டுவந்த குழிகளில் காலால் மண்ணைத் தள்ளி மிதித்துக்கொண்டு வந்தார்.

"யாராச்சும் காலக் கீல வச்சிருவாங்க," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

கடைசிக் குழி வரை அவர் காலாலேயே மூடினார். ராமதாஸ் நின்ற இடத்திலேயே நின்றார். மண்வெட்டி அவர் கையில்தான் இருந்தது.