சனிக்கிழமை நின்ற கடிகாரம்

நூலகக் கூடத்தில் இருந்த ஆளுயரக் கடிகாரம் வாரம் முழுக்க ஒழுங்காக ஓடும். சனிக்கிழமை பதினொரு மணி தாண்டியதும் நின்றுவிடும். திங்கட்கிழமை காலை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓட வேண்டியது அது. பிறகு ஏன் சனிக்கிழமை?

தலைமை நூலகருக்குச் சந்தேகமே இல்லை. கூடத்துக்கு வெள்ளையடித்த பிறகுதான் கடிகாரம் இப்படி நிற்க ஆரம்பித்தது; அப்போதுதான் சிறுவர் கதை நேரத்தையும் அதன் எதிரே மாற்றியிருந்தார்கள். அதுவும் சனிக்கிழமை பதினொரு மணிக்கு.

“எல்லாம் உங்க வானரப் படை வேலைம்மா. எதுவோ ஒண்ணு கையை வைக்குது. அடுத்த வாரம் சனிக்கிழமை பாரம்பரிய நாள்; அன்னிக்குப் பிள்ளைங்க கூடத்துக்குள்ள வேண்டாம்.”

சிறுவர் பிரிவு நூலகர் வாசல் பக்கம் பார்த்தாள். ‘குடும்பத்தோடு வாருங்கள்’ என்று அங்கே அறிவிப்பு ஒட்டியவளே அவள்தான். அன்று கடிகாரம் பன்னிரண்டு அடிக்க, பிள்ளைகள் கூடவே சத்தமாக எண்ண, ஊரின் பழைய படங்களை மூடிய திரை விலகும். அதற்காக அவர்களைப் பழக்கியும் வைத்திருந்தாள். இப்போது எந்த முகத்தோடு வராதே என்று சொல்வது?

“இந்த வாரம் பிள்ளைங்களை மாடியில வெச்சுக்கறேன் சார். அப்பவும் நின்னா?”

“நிக்காது.”

நின்றது.

“காலையிலேயே யாராவது தொட்டிருப்பாங்க,” என்றார் அவர். ஆனால் குரலில் பழைய முறுக்கு இல்லை.

பிள்ளைகள் போனதும் அவள் கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்தாள். உள்ளே இருப்பது எளிய வேலைதான். கயிற்றில் தொங்கும் எடைக்குண்டுகள் கீழே இறங்கப் பார்க்கும்; அந்த இழுப்பில் சக்கரங்கள் சுற்றும். ஊசல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பல்லை மட்டும் விடும். அதுதான் டிக், டிக். ஊசலைத் தள்ளிவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

அழைத்துப்போக வந்த கணவன் பசியோடு பக்கத்தில் உட்கார்ந்தான். “என்னை இப்படிக் கண் கொட்டாம பாத்து எத்தனை வருஷமாச்சு?”

“நீங்களும் ஒழுங்கா ஆடினா பாப்பேன். சும்மா இருங்க.”

அப்போதுதான் கவனித்தாள். திங்கட்கிழமை சாவி கொடுத்தபோது உச்சிக்கு ஏறிய குண்டுகள் நாளுக்கு நாள் இறங்கி, இப்போது சரியாக ஊசலின் அடிவட்டுக்குப் பக்கத்தில் தொங்கின. அசையக் கூடாத குண்டுகள் லேசாக அசைந்தன. பிறகு ஆடின. அவை ஆட ஆட ஊசலின் வீச்சு குறைந்தது. டிக் நின்றது.

“குண்டு திருடுது!” என்று கத்தினாள்.

“எதை?”

“ஊசலோட ஆட்டத்தை! பார்க்குல ஒரே கம்பத்துல ரெண்டு ஊஞ்சல் இருக்கே, அந்தக் கம்பத்தோட காலு கூட ஆடுமே. ஒண்ணுல நம்ம பொண்ணு ஆடினா, பக்கத்துல காலியா இருக்கறதும் ஆடுமே. ரெண்டும் ஒரே நீளம். இதுவும் அப்படித்தான், இன்னிக்கு மட்டும் குண்டோட கயிறும் ஊசலும் ஒரே நீளத்துக்கு வருது.”

“அப்போ இங்கயும் அந்தக் கம்பம் மாதிரி ஏதாவது ஆடணுமே?”

அவள் மறுபடி ஊசலைத் தள்ளி, மரக்கூட்டின் பக்கவாட்டில் கை வைத்தாள். உள்ளங்கையில் மெல்லிய அசைவு. இருவரும் இரு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். குண்டுகள் அடங்கின. ஊசல் நிற்கவே இல்லை.

தலைமை நூலகர் எட்டிப் பார்த்தார். “என்னம்மா, குடும்பத்தோட கடிகாரத்தைக் கட்டிப்பிடிச்சிட்டு?”

“சார், வெள்ளையடிக்க இதை நகர்த்தினப்போ முதுகைச் சுவரோட பிடிச்சிருந்த ஸ்க்ரூ எங்க?”

“பத்திரமா வெச்சிருக்கேனே!” மேசைக்கு ஓடி, பேனா டப்பாவைக் கவிழ்த்தார். இரண்டு நீளமான ஸ்க்ரூக்கள் உருண்டன. அவற்றைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அதன் அடியில் பாரம்பரிய நாளுக்கென்று தானே வாங்கி விரித்த மெத்தென்ற கம்பளத்தைப் பார்த்தார். “அப்போ பிள்ளைங்க…”

“காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை சார்.”

அவர் தலையைச் சொறிந்தார். “வானரப் படையை முன்வரிசையிலேயே உக்கார வைங்கம்மா.”

அடுத்த சனிக்கிழமை, பாரம்பரிய நாள். கூடம் நிறைய குடும்பங்கள். பதினொன்று தாண்டியது, அவள் ஊசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு அடித்தது. பிள்ளைகள் எண்ண, ஒரு சுட்டி மட்டும் ஆசையில் “பதிமூணு!” என்றது. கூடமே சிரிக்க, திரை விலகியது.

செய்தது இவ்வளவுதான்: கம்பளத்தை உருவிவிட்டு, கடிகாரத்தின் முதுகை இரண்டு ஸ்க்ரூக்களால் சுவரோடு இறுக்கினார்கள். மரக்கூடு ஆடாததால் குண்டுகளும் ஆடவில்லை, ஊசல் ஓடியது.