பாய்க்கடியில் ஆபேலு

செத்தவனுக்கு டை கட்டுவதில் ஒரே ஒரு வசதி, அவன் கழுத்தை அசைக்க மாட்டான். மற்றதெல்லாம் சிரமம்தான். மாசினா முடிச்சை மறுபடி அவிழ்த்தாள். தம்பி தோவியாவின் தலையைத் தன் மணிக்கட்டில் தாங்கிக்கொண்டு டையின் வாலைக் காலருக்கு அடியில் விட்டாள். உயிரோடிருந்தபோது ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் இதைக் கட்டிக்கொண்டு, பாதிப் பிரசங்கத்தில் தளர்த்திவிட்டுத் தூங்குகிறவன்.

"பெரியம்மா, அவர் இன்னும் ரோட்டோரத்துலயேதான் உக்காந்திருக்கார்" என்றாள் பேக்கா, தங்கை மகள்.

"நேத்து என்னை நிக்க வெச்சான்ல? இன்னிக்கு அவன் உக்காரட்டும்."

"வெயில் ஏறுது."

"ஏறட்டும்."

சுவரில்லாத வீட்டில் எதையும் பார்க்காமல் இருந்துவிட முடியாது. தூண்களுக்கு நடுவே முற்றம் தெரிந்தது. ஒரு ஓரமாக, ஊர் வழக்கப்படி வீட்டு முற்றத்திலேயே புதைக்க, உறவுக்காரப் பையன்கள் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். மண் ஒரு சாண்தான், அதற்குக் கீழே எரிமலை கக்கிய கல். குழிக்கு அப்பால், சாலை முடிந்து புல் தொடங்கும் இடத்தில், ஓரத்தில் இறகுகள் வைத்துப் பின்னிய ஒரு மெல்லிய தாழம்பாய் குவியலாகக் கிடந்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் பெட்டியை விட்டு வெளியே வருகிற பாய். அதற்குள் ஆபேலு இருந்தான். விடியுமுன்பே வந்து உட்கார்ந்துவிட்டான்.

சமோவாவில் இதற்கு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். தப்புச் செய்தவன் பாயைப் போர்த்திக்கொண்டு அடிபட்ட வீட்டின் முன்னால் குனிந்து உட்காருவான். வீட்டார் வந்து பாயை எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால் அப்படியே கிடக்க வேண்டியதுதான். அந்தக் காலத்தில் பாயின் மேலேயே வெட்டுக்கத்தி விழுந்ததும் உண்டு. வீட்டுக்கு மூத்த சகோதரியின் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. ஆகவே முற்றத்திலிருந்த அத்தனை கண்களும் மாசினாவின் மேல் இருந்தன. அவளுக்கோ டை முடிச்சு பிடிபட மாட்டேனென்றது.

நேற்று நடந்தது இதுதான். சாயங்காலம் கொட்டகையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த தோவியா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். மாசினா அவனை இழுத்து வண்டியில் போட்டு, டவுன் ஆஸ்பத்திரிக்குத் தானே ஓட்டினாள். ஊர் எல்லையைத் தாண்டுமுன் சங்கு ஊதிவிட்டது. சாயங்கால ஜெப நேரம். அந்த நேரம் ஊருக்குள் ஒரு ஈ நடமாடக் கூடாது. அதற்குப் பெயர் சா. தமிழில் அது எப்படி ஒலிக்கிறது என்பதற்கு ஊர் பொறுப்பல்ல.

சாலையை மறித்து நின்ற காவல்காரர்களில் முதலாவதாக நின்றவன் ஆபேலு. மாசினா ஹார்ன் அடித்தாள். அவன் உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்றான்.

முன்பெல்லாம் சா என்றால் அவரவர் வீட்டில் ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அவ்வளவுதான். போன கிறிஸ்துமஸுக்குப் போதகர் எனேலேயின் பிள்ளைகள் நியூசிலாந்திலிருந்து ஒலிபெருக்கி அனுப்பியதிலிருந்து 'விசுவாச வாழ்க்கைக்கு அன்றாட ஊக்கம்' என்று ஒன்று சேர்ந்துகொண்டது. அவர் ஊக்கப்படுத்தி முடிக்கும்வரை மணி அடிக்காது. மணி அடிக்கும்வரை வண்டி நகராது. நேற்றைய ஊக்கம், ஆபத்தில் இருக்கிற அயலானுக்குத் தாமதமின்றி உதவுவது பற்றி. மூன்று தலைப்புகளில் பேசினார். இரண்டாவது தலைப்பில் தோவியாவின் நெற்றி கண்ணாடியில் மோதியது. மூன்றாவதை அவன் கேட்கவில்லை.

"சமாதானம் உண்டாவதாக!"

போதகர் படியேறி வந்தார். வேட்டி மாதிரி இடுப்பில் சுற்றிய வெள்ளை லாவாலாவா, வெள்ளைக் கோட்டு, கையில் சுருட்டிய தாள். சவப்பெட்டியின் அருகே கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார். எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்பது உறுதியானதும் திறந்தார்.

"அக்கா, ராத்திரியெல்லாம் தூங்கல. பிரசங்கம் தானா வந்து கொட்டுது. தலைப்பு என்ன தெரியுமா? 'பாக்கியமான மரணம்'!"

மாசினா டையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு சாவு? ஊரே முழங்கால்ல நிக்குது. தேவ வார்த்தை காதுல விழுது. அப்படியே ஆத்துமா பிரியுது. நம்ம சபையில இதுவரைக்கும் யாருக்கும் இந்தக் கிருபை கெடைச்சதில்ல."

"மூக்குல நுரை வந்துச்சு பாஸ்டர். அதையும் பிரசங்கத்துல சேத்துக்குங்க."

பேக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். போதகர் காது கேளாதவர் மாதிரி முற்றத்தைப் பார்த்தார்.

"அந்த ஆபேலுவ முதல்ல எழுப்பி விடணும். நான் சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்கறான். ஊர்ச் சட்டத்தக் காப்பாத்தினவன் இப்படிப் பாய்க்கடியில உக்காந்தா நாளைக்கு எவன் காவலுக்கு நிப்பான்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. 'நீ ஒரு தப்பும் பண்ணல, எழுந்து போப்பா'ன்னு. தாராள மனசு, அக்கா! தெனமும் நான் அதத்தானே சொல்றேன்?"

மாசினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். மன்னிப்பைப் பற்றி எத்தனையோ படங்களுக்கு வர்ணம் தீட்ட வைத்திருக்கிறாள். நேற்று ராத்திரி அதே வாயால் ஜெபிக்க உட்கார்ந்தபோது ஆபேலுவின் விரலை ஒடிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் கேட்கத் தோன்றவில்லை. அதையும் பணிவாகத்தான் கேட்டாள்.

"தப்பே பண்ணலன்னா நான் எதை மன்னிக்கிறது பாஸ்டர்?"

"அதான் சொல்றேனே, மன்னிக்க ஒண்ணுமே இல்ல."

"இருக்கு." அவள் குரல் உயர்ந்தது. சமையல் கொட்டகையில் கரண்டிச் சத்தம் நின்றது. "என் தம்பி ரோட்டுல செத்தான். டாக்டர் கையில செத்திருந்தா நான் ஏன்னு கேட்டிருக்க மாட்டேன். எங்க நிறுத்தினாங்க, எதுக்கு நிறுத்தினாங்கன்னு பிரசங்கத்துல சொல்லணும். யார் பேச்சு முடியக் காத்திருந்தோம்னும் சொல்லணும்."

"அக்கா... அது ஊக்கமா இருக்காதே. ஜனங்க சோர்ந்து போவாங்க."

"சோரட்டும்! ஒரு நாளாவது சோரட்டும். தெனம் தெனம் ஊக்கம் ஊக்கம்னு, ஊரே ஊதிப்போய்க் கெடக்கு!"

அவள் படியிறங்கினாள். குழிப் பையன்கள் கடப்பாரையைத் தரையில் ஊன்றி நின்றுவிட்டார்கள். போதகர் பின்னாலேயே வந்து, அவள் போன வேகத்தைப் பார்த்தோ என்னவோ, குழிக்குப் பக்கத்தில் பலாமர நிழலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

பாயின் முன்னால் போய் நின்றபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. பாய் லேசாக ஏறி இறங்கியது. இவன் மூச்சு விடுகிறான் என்பதே அவளுக்குப் பொறுக்கவில்லை. உதைக்கலாம் போலிருந்தது. காலைக்கூடத் தூக்கிவிட்டாள். பிறகு அதை இறக்கிவிட்டு, குந்தி, பாயின் ஒரு முனையை மட்டும் தூக்கினாள். வியர்வை வாடை முகத்திலடித்தது. நெற்றி புல்லில் பதிந்திருந்தது. தலைமுடியில் எறும்பு ஊர்ந்தது. தட்டிவிடக்கூட அவன் கையை எடுக்கவில்லை.

"ஆபேலு."

"அக்கா."

"ஹார்ன் அடிச்சேனே."

"கேட்டுச்சு."

"உள்ள பாத்தியா?"

"பாக்கல. ஸ்பீக்கர்ல பேச்சு ஓடிட்டிருந்துச்சு. கண்ணை மூடிட்டேன்."

"பாத்திருந்தா விட்டிருப்பியா?"

சாலையில் ஒரு பஸ், உள்ளே பாட்டை நிறுத்திவிட்டு, மெதுவாகக் கடந்து போனது.

"தெரியல அக்கா" என்றான் கடைசியில்.

காலையிலிருந்து அந்த முற்றத்தில் யாரும் இவ்வளவு மழுப்பாமல் பேசியிருக்கவில்லை. மாசினா பாயை முழுதாக இழுத்தாள். கோபத்தோடுதான் இழுத்தாள். ஓரத்து இறகுகள் இரண்டு பிய்ந்து புல்லில் விழுந்தன. வெளிச்சத்தில் கண் கூசி, அவன் எழ முயன்று முடியாமல் மறுபடி கைகளை ஊன்றினான். கால்கள் மரத்துப்போயிருந்தன. அவள் கை கொடுக்கவில்லை. பாயைத் தோளில் போட்டுக்கொண்டு, அவன் நிற்கும்வரை அங்கேயே நின்றாள்.

"நீ தப்புப் பண்ணினே" என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "அதனாலதான் எடுத்தேன். இல்லன்னா எடுத்திருக்க மாட்டேன்."

"சரிக்கா."

"நாளைக்கும் எனக்குக் கோவம் வரும். உன் மூஞ்சியப் பாக்கறப்பல்லாம் வரும்."

"சரிக்கா."

"எல்லாத்துக்கும் சரிக்கா சரிக்கான்னு சொல்லாதடா! குழி இடுப்பளவுகூட ஆகல. பசங்களால கல்ல ஒடைக்க முடியல. போ."

ஆபேலு நொண்டிக்கொண்டே போய், ஒரு பையன் கையிலிருந்து கடப்பாரையை வாங்கிக் குழிக்குள் இறங்கினான். இரும்பு கல்லில் விழும் சத்தம் கேட்டது. பேக்கா ஒரு சொம்புத் தண்ணீரைக் குழி ஓரத்தில் வைத்துவிட்டு வந்தாள். மாசினா அதைப் பார்த்துக்கொண்டே தோளிலிருந்த பாயை இறக்கி மடிக்கத் தொடங்கினாள்.

போதகர் தாளைத் தொடைமேல் விரித்து, பேனா மூடியைக் கழற்றி, தலைப்பின் மேல் பேனாவை வைத்தபடி யோசித்துக்கொண்டிருந்தார். குழிக்குள்ளிருந்து ஒரு மண்வெட்டி மண்ணும் கல்லும் எழும்பி வந்து அவருடைய செருப்பருகே விழுந்தது. நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இன்னொன்று வந்தது. வெள்ளை லாவாலாவாவின் ஓரத்தைத் தட்டிவிட்டு மறுபடி இழுத்தார். இப்போது நிழலை விட்டு வெளியே வந்திருந்தார்.

மண்ணை அந்தப் பக்கம் போடச் சொல்லி மாசினா குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பாயை மடித்து முடித்து, டை கட்ட உள்ளே போனாள்.