மார்செய்யில் வாங்கிய கிற்றார்

கப்பல் வேலையை விட்டு மர்சூக் கிழக்கிலங்கையின் மருதமுனைக்குத் திரும்பியபோது ஊரார் எதிர்பார்த்த ரேடியோ செற்றையோ புடவைப் பொதியையோ கொண்டுவரவில்லை. ஒரு கிற்றாரைத்தான் கொண்டுவந்தான். அது 1977ஆம் ஆண்டு. நெசவுக்காரரான வாப்பா அதை ஒருதரம் பார்த்துவிட்டுத் தறிக்குழிக்குள் இறங்கிவிட்டார்.

கல்முனைக் கடைகளில் தொங்கிய கிற்றார்களைப் போல அது இருக்கவில்லை. நடுவில் பெரிய வட்ட ஓட்டைக்குப் பதிலாக முட்டை வடிவில் சின்ன ஓட்டை. கம்பிகள், அவற்றைத் தாங்கும் மரப் பாலத்தைத் தாண்டிப் போய், அடிப்பக்கத்துப் பித்தளைத் தகட்டில் மாட்டியிருந்தன. அதை முதலில் கையில் வாங்கியவன் பக்கத்துத் தமிழூரான பெரியநீலாவணையின் தச்சன் நல்லரெத்தினம். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். மர்சூக் கப்பலுக்குப் போகுமுன்பு கல்யாண வீடுகளில் சேர்ந்து வாசித்தவர்கள். நல்லரெத்தினம் கம்பிகளைத் தளர்த்தியதும் பாலம் கழன்று மடியில் விழுந்தது. உடைத்துவிட்டோமோ என்று அவன் வெலவெலத்துப் போனான். அதை ஒட்டுவதே இல்லை, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது என்று மர்சூக் சிரித்துக்கொண்டே சொன்னான்.

மார்செய் துறைமுகத்தில் கப்பல் பழுதுபட்டுக் கிடந்த நாட்களில், பக்கத்துத் தெருவில் ஜிப்சிகள் வாசிப்பதைக் கேட்டுக் கிறங்கிப்போய், ஒரு பழைய சாமான் கடையில் அவன் வாங்கியது அது. கடைக்காரன் சொன்ன கதையை நல்லரெத்தினத்துக்கும் சொன்னான். முப்பதுகளில் பாரிசில் ஒரு கம்பனிக்காக ஓர் இத்தாலியக் கலைஞன் வகுத்த வடிவமாம். ஒலிபெருக்கி பரவாத காலம். ஆட்ட மண்டபங்களில் காலடிச் சத்தத்துக்கு மேலால் கிற்றார் கேட்கவேண்டும் என்பதற்காக, முன்பலகையை மெல்லியதாகச் சீவி, லேசாக வளைத்து, பின்பலகையைத் தகடு தகடாக ஒட்டிச் செய்தார்கள். ஒரு ஜிப்சி, தீயில் இடக்கை கருகி இரண்டு விரல்களால் வாசித்தவன், அதைக் கையில் எடுத்த பிறகு அவனுடைய ஆட்கள் எல்லாருக்கும் அந்த வடிவத்தின் மேல்தான் ஆசை. இருபது வருஷத்தில் அந்தக் கம்பனி கிற்றார் செய்வதை நிறுத்திவிட்டது. மர்சூக்கிடம் இருந்தது, சின்னப் பட்டறை ஒன்றில் அதே அச்சில் பிறகு செய்தது.

“ஜிப்சியெண்டா நம்மட அளிக்கம்பைக் குறவர் மாதிரியா?” என்று நல்லரெத்தினம் கேட்டான்.

அப்படித்தான் என்றான் மர்சூக்.

அந்த இசைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் பாட்டை ஓட்டுவான். மற்றவன் கம்பிகளை அடித்த கையோடு விரலைத் தளர்த்திச் சத்தத்தை நறுக்கி, மேளமே இல்லாமல் தாளத்தைத் தூக்கிக் கொடுப்பான். நல்லரெத்தினத்துக்கு அந்த அடி சீக்கிரமே கைவந்தது. ஆனால் அவனுடைய பழைய கிற்றார் அந்த அடிக்கு வாய் திறக்கவில்லை. தானே ஒன்றைச் செய்வதென்று தீர்மானித்தான்.

எழுபத்தெட்டுச் சூறாவளி மர்சூக் வீட்டுப் பலாவைச் சாய்த்துப் போட்டது. அதிலிருந்து நல்லரெத்தினம் பக்கங்களுக்கும் பின்னுக்கும் பலகை எடுத்தான். நிவாரணச் சாமான் வந்திறங்கிய பைன் பெட்டிகளில் முடிச்சில்லாத பலகையாகப் பொறுக்கி முன்பக்கத்துக்கு வைத்தான். பலகைகள் காய்வதற்கே ஒரு வருஷத்துக்கு மேல் போனது. ஊரெல்லாம் கூரை வேலை. அதற்கு நடுவில்தான் இதையும் செய்தான். முதலாவது முன்பலகை வளைக்கும்போது வெடித்தது. இரண்டாவது நின்றது.

எண்பதாம் ஆண்டு மாரிக்கு முன்னம் ஒரு பின்னேரம் அதில் கம்பி ஏற்றினார்கள். மர்சூக் வாங்கி ஒரு ஓட்டம் ஓட்டினான். மார்செய்க் கிற்றார் இதற்குப் பக்கத்தில் வரவில்லை. அவன் திரும்பத் திரும்ப அதையே எடுப்பதைப் பார்த்துவிட்டு, “நீ இத வெச்சுக்க மச்சான். எனக்குத் தாளம்தானே, அது போதும்,” என்றான் நல்லரெத்தினம். இருவரும் மாற்றிக்கொண்டார்கள்.

அடுத்த வருஷம் கொழும்பில் ஒரு கடற்கரை ஹோட்டலில் வாசிக்க மர்சூக்குக்கு இடம் கிடைத்தது. முதலில் தான் போய் நிலைத்துவிட்டு, பிறகு கூப்பிடுவதாக நல்லரெத்தினத்திடம் சொல்லிவிட்டுப் போனான். மனதில் ஒரு கள்ளமும் இல்லாமல்தான் சொன்னான்.

ஹோட்டலில் ஓர் இரவு, பிரெஞ்சுக்காரர் ஒருவர் மேடைக்கு அருகில் வந்து, நல்லரெத்தினம் செய்த அந்தக் கிற்றாரை உற்றுப் பார்த்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். மர்சூக்கின் வாயில் ‘மார்செய்’ என்று வந்துவிட்டது. ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே விளங்கவில்லை. பெரியநீலாவணை என்று சொன்னால் அந்த மனிதரின் முகத்திலிருந்த மரியாதை இறங்கிவிடுமோ என்று ஒரு கணம் பயந்திருப்பான். பக்கத்தில் நின்ற மனேஜர் அதைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு, பிரான்சிலிருந்து வந்த கிற்றார் என்று அவரே ஒவ்வொரு இரவும் மேடையில் அறிவிக்கத் தொடங்கினார்.

சில மாதங்கள் கழித்து, தாளத்துக்கு இன்னொருவன் வேண்டும், ஊரில் யாரும் இருக்கிறார்களா என்று மனேஜர் கேட்டார். நல்லரெத்தினம் வந்தால் முதல் இரவிலேயே உண்மை வெளியாகிவிடும். ஒருவரும் இல்லை என்று மர்சூக் சொல்லிவிட்டான். பெருநாளுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம், இன்னும் இடம் சரிவரவில்லை என்றான். நல்லரெத்தினம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். பிறகு விசாரிப்பதை விட்டுவிட்டான்.

எண்பத்துமூன்று ஜூலையில் தமிழரின் வீடுகளும் கடைகளுமாகக் கொழும்பு எரிந்தபோது, நல்லரெத்தினத்தைக் கூப்பிடாதது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்று மர்சூக் தன் மனைவி றபீக்காவிடம் சொன்னான். தான் செய்தது ஒரு நன்மை என்றே நம்பப் பார்த்தான். ஆனால் ஹோட்டலில் நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும்.

அந்த நம்பிக்கை இரண்டு வருஷம்கூட நிற்கவில்லை. எண்பத்தைந்தில் கரையோரத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. இரண்டு பக்கத்திலும் வீடுகள் எரிந்தன. நல்லரெத்தினத்தின் பட்டறையும் அதில் போனது. குடும்பத்தோடு அவன் எங்கே போனான் என்பது யாருக்கும் தெரியவில்லை. ஊருக்கு வந்த மர்சூக் பெரியநீலாவணை எல்லை வரை நடந்துபோனான். அதற்கு அப்பால் போகாதே என்று ஊரார் மறித்தார்கள். திரும்பி வந்தான்.

எண்பத்தெட்டில்தான், மட்டக்களப்பில் மரம் அறுத்து விற்கும் ஒரு மரக்காலையில் நல்லரெத்தினம் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டான். பஸ்ஸில் போகும்போதே சொல்லவேண்டியதை மனதில் அடுக்கிக்கொண்டான். மெலிந்து, தலை நரைத்துப்போயிருந்த நல்லரெத்தினம் அவனைக் கண்டதும் மரத்தூளைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தான். பலகைக் குவியலில் உட்காரவைத்து, பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தான். றபீக்காவைப் பற்றி விசாரித்தான். பிறகு முகத்தைத் தாழ்த்திக்கொண்டான்.

“உன்ட மார்செய்க் கிற்றார என்னால காப்பாத்த ஏலாமப் போச்சு மச்சான். பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு ஓடத்தான் நேரம் இருந்திச்சு. நீ என்ன நினைக்கிறியோ எண்டு யோசிச்சுக்கிட்டேதான் இருந்தன்.”

மர்சூக் அதை விடச் சொல்லிக் கையைப் பிடித்தான். அடுக்கி வைத்திருந்த ஒரு சொல்லும் வெளியே வரவில்லை.

“நான் செஞ்சது இருக்கா?”

“இரிக்கு. நல்லாக் கதைக்குது.”

“ஆரும் கேட்டாங்களா, ஆரு செஞ்சதெண்டு?”

“ஓம், வெள்ளைக்காரனெல்லாம் கேட்டான்.”

“நீ என்ன சொன்னாய்?”

மர்சூக் பிளேன்ரீ கோப்பையைப் பார்த்தான்.

“உன்ட பேரத்தான் சொன்னன்,” என்றான்.

நல்லரெத்தினம் எழுந்து நின்றுவிட்டான். வாளால் மரம் அறுத்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு, தான் செய்த கிற்றாரைப் பற்றிக் கொழும்பு ஹோட்டலில் வெள்ளைக்காரர்கள் விசாரித்த கதையைச் சொன்னான். அவர்கள் வேலையை நிறுத்திவிட்டு மர்சூக்கைச் சூழ்ந்துகொண்டு, உண்மையா என்று கேட்டார்கள். உண்மைதான் என்று அவன் ஒவ்வொருவருக்கும் சொல்லவேண்டியிருந்தது.